சரக்கு எண்ணிக்கை

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடி.
முப்பத்தாறுக்கு இருபத்திரண்டு அடி.
பதினான்கு பேர் கணக்கு எழுதுகிறார்கள்,
ஈரோட்டுத் துணிக்கும் திருப்பூர்ப் பனியனுக்கும்.
"பதினாறு பேர் உட்காரணும்.
இருபது பேர் வேலை நடக்கணும்"
என்றார் அடைக்கப்பன்.
சிங்கப்பூரில் எட்டு வருஷம் இருந்தவர்.
ஃபோனில் படங்கள் காட்டினார்:
கண்ணாடிச் சுவர், தொட்டியில் செடி,
ஒரு முகத்திலும் வேர்வை இல்லை.

ஒரு வாரம் பார்ப்பேன், பிறகுதான் வரைவேன் என்றேன்.
பார்ப்பதற்கும் பில் உண்டா என்றார்.

முதல் நாள் தரை.
வெளியூர்க்காரர்கள் குனிந்து படமெடுக்கும்
அதே ஆத்தங்குடிக் கல்.
மெருகேறிய பூவெல்லாம்
ஜன்னல் வெயிலைத் தூக்கி
மானிட்டரில் எறிந்துகொண்டிருந்தது.
மதியத்துக்கு மேல் சிகப்பி
எட்டை மூன்றாகவே படித்தாள்.
மேசைகளைப் பக்கவாட்டில் திருப்பினேன்.
எட்டு எட்டானது.
அடைக்கப்பன் எனக்கு டீ சொன்னார்.

அடுத்து பிரிண்டர்.
மூலைக்கு நடந்தே நேரம் போகிறதென்று
நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.
நடை நின்றது.
"அந்தப் பார்ட்டிக்கு ரிட்டர்ன் இன்னும் போடலையே"
என்று காகிதம் வரும்வரை
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களே,
அதுவும் நின்றது.
வியாழக்கிழமை மூலைக்கே திரும்பத் தூக்கினோம்,
நானும் மகபூபும்.
அந்தக் கூலியை நான் எழுதவில்லை.

மிச்சம் ஸ்டோர் ரூம்.
ஆறுக்கு ஐந்து.
இடித்தால் இரண்டு மேசை,
அவர் கேட்ட அதே இரண்டு.
கதவில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய அட்டை:
சரக்கு எண்ணிக்கை நடக்கிறது.
உள்ளே வர வேண்டாம்.
தட்டப் போனேன்.
மகபூப் என் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.
"இன்னும் எண்ணி முடியல சார்."

பதினொரு மணிக்கு ஒரு தடவை.
மூன்று மணிக்கு ஒரு தடவை.
தினமும்.
கணக்கு மட்டுமே எழுதுகிற ஆபீசில்
எண்ண என்ன சரக்கு?

ஜெனோவாவின் நாற்காலி அப்போதெல்லாம் காலி.
அவள் மேசை ஃபோன் அடித்தால் சிகப்பி எடுப்பாள்,
ஜெனோவா குரலிலேயே பேசுவாள்.
மூன்றாவது தடவையோ நான்காவதோ
கதவு திறந்ததை நேரில் பார்த்தேன்.
தேவகோட்டை பஸ்ஸில் தினமும் கொண்டுவரும் நீலப் பை,
டிபன் பாக்ஸ் அளவுதான்,
ஐஸ் உருகி அடியில் ஈரம்.
துப்பட்டாவை முன்பக்கம் இரண்டாக மடித்திருந்தாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் நான்.

பிறகு உள்ளே போனேன்.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. குண்டு பல்பு.
தாழ்ப்பாள் இல்லை.
கதவுக்கு முட்டுக் கொடுக்க
மூன்று வருஷத்து வவுச்சர் கட்டு.

அன்று இரவு அந்தச் சுவரை
வரைபடத்தில் அழித்தேன். திரும்பப் போட்டேன்.
அடைக்கப்பன் கேபினிலிருந்து ஓரடி எடுத்து
ஏழுக்கு ஐந்து ஆக்கினேன்.
எக்ஸாஸ்ட் ஃபேன். பிளக் பாயிண்ட்.
சின்ன ஃபிரிட்ஜ் வைக்க ஒரு மாடம்.
உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள்.
மேலே எழுதினேன்: சர்வர் ரூம்.

அவர் பேனா அங்கே வந்து நின்றது.
"இது அவசியமா?"
"சர்வர் இல்லாம எப்படி? சூடாகாம தனியா வைக்கணும்."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
"சிங்கப்பூர்லயும் இருந்துச்சு" என்று டிக் அடித்தார்.
என்ன புரிந்து அடித்தாரோ.
பதினாறுக்குப் பதினைந்து மேசைதான் வந்தது.
தூண் மேல் பழியைப் போட்டேன்.
கேபினில் குறைந்த அந்த ஓரடியை
இன்னும் அவர் அளக்கவில்லை.

ஒப்படைத்த அன்று
ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக் காட்டினேன்.
ஒரு கதவைத் தாண்டும்போது மணி பதினொன்று.
உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.
"எண்ணிக்கை" என்றான் மகபூப்,
யாரும் கேட்காமலே.